மகனுக்கு ஒரு துவக்குச் சஞ்சிகை

1

தம்பியின் திவசம் வந்துபோய் ஒரு கிழமையாகிறது. அன்று நடந்ததை எழுதாமல் விட்டால் மனம் ஆறாது போலிருக்கிறது. எழுதினால் வீட்டில் சண்டை வரும். ஆனால் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பால், பாண், சிகரெட், லொத்தர் டிக்கெட், பத்திரிகை, சஞ்சிகை. அகதியாக வந்து, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்த காசில் எடுத்த கடை. இன்றைக்கும் விடியுமுன் எழும்பிப் போய்ப் பத்திரிகைக் கட்டுகளை வெட்டி அடுக்குவது நான்தான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் இதைப் பார்த்துவிட்டு "லண்டனில நல்ல பிஸ்னஸ்" என்று சொல்லிப் போவார்கள். அவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு இப்போது பொறுமையில்லை.

ஒரே மகன், பிரவீன். முப்பதை எட்டப் போகிறான். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேலை. வீட்டு வாடகை இருக்கிற இருப்பில் எங்களோடுதான் இருக்கிறான். இருக்கிறான் என்றால், மேல் அறையில் இருக்கிறான். சாப்பிட இறங்கி வருவான், தாய்க்கு ஒரு வார்த்தை, எனக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், இரண்டு பேருக்கும் பாதி விளங்கும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை வேலை செய்கிற இடத்துப் பொடியள் அவனைக் கென்ற் பக்கம் ஒரு தோட்டவெளிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு இயந்திரம் மண் தட்டுகளை ஆகாயத்தில் எறியும். இவர்கள் துவக்கோடு நின்று அவற்றைச் சுட்டு உடைப்பார்கள். இங்கே அது கனவான்களின் விளையாட்டு. பின்னேரம் மகன் தோள்பட்டை கன்றிப்போய் வந்தான். முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. யூனிவசிற்றி கிடைத்த நாளுக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நிறையக் கதைத்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு மணித்தியாலம் இருந்து, தட்டு எப்படிப் பறக்கும், எங்கே பார்க்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நானும் தவமும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். தவம் என் மனைவி.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்கா போனில் வந்தா. பிரவீனிடம் கொடுத்தேன். தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் ஒன்றுகூட்டி, "மாமி, நான் சனிக்கிழமை சுடப் போறன்" என்றான்.

அக்கா மெதுவாகக் கேட்டா, "ஆரையப்பு?"

பிரவீன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கும் வந்திருக்காது.

2

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது சொன்னான்: "அப்பா, ஒரு ஷூட்டிங் மகசின் சப்ஸ்கிரிப்ஷன் எடுத்துத் தாங்கோ. நீங்கதானே எக்ஸ்பேர்ட். நல்லதா ஒண்டு நீங்களே தெரிஞ்செடுங்கோ."

வாழ்க்கையில் முதல்தடவையாக என்னை ஒரு விசயம் தெரிந்த ஆள் என்று மதித்துக் கேட்கிறான். அதுவும் எதற்கு? சந்தாவுக்கு. எங்களைப் போன்ற கடைக்காரரின் வயிற்றில் அடித்ததே இந்தச் சந்தாதான். கடையில் வாங்குவதைவிட மலிவாக வீட்டுக் கதவுக்குள் தபாலில் போட்டால் எவன் கடைக்கு வருவான்? முன்பு சுவர் நிறைய அடுக்கிய சஞ்சிகைகள் இப்போது ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டன. இருந்தாலும் மகன் கேட்டதைத் தட்ட மனம் வரவில்லை. நாட்டில் வருகிற துவக்குச் சஞ்சிகை எல்லாவற்றிலும் ஒவ்வொன்று அனுப்பச் சொல்லி மொத்த வியாபாரியிடம் கேட்டு எடுத்தேன். கவுண்டருக்குப் பின்னால் முக்காலியில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

சஞ்சிகை பார்ப்பதில் எனக்கு ஒரு முறை இருக்கிறது. அட்டையைப் பார்ப்பதில்லை. அட்டை எல்லாம் ஒரே பூச்சுத்தான். முதலில் விளம்பரப் பக்கங்களைப் பார்ப்பேன். போன பக்கத்தில் புகழ்ந்து எழுதிய சாமானுக்கே அடுத்த பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் இருந்தால் அந்தக் கட்டுரையை நம்பத் தேவையில்லை. பிறகு வாசகர் கடிதம். திட்டி எழுதிய கடிதத்தையும் போட்டு அதற்கு ஒழுங்காகப் பதிலும் சொல்லியிருந்தால் அங்கே யாரோ மானமுள்ள மனிதர் வேலை செய்கிறார் என்று அர்த்தம். கண்ணாடித்தாளில் சுற்றி, இலவசமாகத் தொப்பியோ கத்தியோ ஒட்டி வந்தால் அது மூச்சை இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அதற்கு வருடச் சந்தா கட்டக்கூடாது.

முதலாவது சஞ்சிகை முழுக்கப் பிரபுக்களின் வாசம். செத்த பறவையை வாயில் கவ்விய நாய், குளிர்கோட்டுப் போட்ட சீமாட்டி, என் கடையை விற்றாலும் வாங்க முடியாத துவக்கு. அதைக் கீழே வைத்தேன். இன்னொன்றில் நாலு பக்கத்துக்குக் காகம் சுடுவது எப்படி என்று போட்டிருந்தது. பிளாஸ்டிக் காகங்களை வயலில் நட்டு வைத்தால் உண்மைக் காகம் கூட்டத்தைக் கண்டு நம்பி இறங்குமாம். வருடா வருடம் தம்பியின் திவசத்தன்று இலையில் சோறு வைத்து, காகம் வராதா என்று பின் வளவில் குளிருக்குள் நானும் தவமும் காத்து நிற்கிறோம். இவர்கள் காகத்தை எப்படி ஏமாற்றுவது என்று படம் போட்டு விளக்குகிறார்கள். அதையும் வைத்தேன்.

மூன்றாவதைப் பாதிக்கு மேல் வாசிக்கவில்லை. பழைய இராணுவத் துவக்குகளைச் சேகரிப்பவர்களுக்கான சஞ்சிகை அது. வெள்ளைப் பின்னணியில் ஒவ்வொன்றையும் துடைத்து மினுக்கி வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். அதில் சிலதை எனக்குத் தெரியும். ஊரில் ஆமிச் சோதனைச்சாவடியில் அவற்றுக்கு முன்னால், போட்டிருந்த சேட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பும் கட்டில் சேர்த்துவிட்டேன்.

நான் இப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது, வழக்கமாக வரும் கிரஹாம் என்ற வெள்ளைக்காரக் கிழவர் கண்டுவிட்டார். நல்ல மனிதர், பேச்சுக்காரர்.

"உங்கள் ஆட்கள் சுடுவார்கள் என்று எனக்குத் தெரியாதே" என்றார்.

"நாங்கள் பெரும்பாலும் மற்றப் பக்கத்தில் நின்றோம்" என்றேன்.

பற்றையைத் தட்டிப் பறவைகளைத் துவக்குக்காரர் பக்கம் கலைத்துவிடும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். நான் அந்த வேலை செய்தேன் என்று அவர் நினைத்துவிட்டார். "அதுதான் கடினமான வேலை" என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் தேறியது மெல்லிய ஒன்று. மண் தட்டுச் சுடுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறார்கள். காலை எப்படி வைப்பது, ஏன் பிந்துகிறது, ஏன் தவறுகிறது என்று, தாங்களும் தவறவிட்டதை மறைக்காமல் எழுதுகிறார்கள். இரத்தம் இல்லை, இராணுவம் இல்லை. அதற்கு மகன் பெயரில் ஒரு வருடச் சந்தா கட்டினேன். மாதாமாதம் கதவுக்குள் வந்து விழத் தொடங்கியது. பழைய இதழ்களும் எங்கேயோ தேடி வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு மிகச் சந்தோசம். "குட் சொய்ஸ், அப்பா" என்றான். அந்த இரண்டு சொல்லுக்காகவே நான் இவ்வளவும் செய்தேன் என்று இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

தவத்துக்கு மட்டும் அந்தச் சஞ்சிகைகளைக் கண்ணில் காட்டக்கூடாது. கதிரையில் கிடந்தால் அட்டையைக் குப்புறத் திருப்பி வைப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆமி ஊரை மறித்து வீடு வீடாகத் தேடுகிற சுற்றிவளைப்பு என்று சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் கடதாசி எரியும். தவத்தின் தாய் ஒரு பிஸ்கற் கம்பனியின் கலண்டரையே எரித்தவ. அதில் ஒரு வேட்டைக்காரன் தோளில் துவக்கோடு நின்றானாம்.

3

பிறகு மகனுக்குச் சொந்தமாகத் துவக்கு வேண்டும் என்றாகிவிட்டது. கிளப்பில் இரவல் வாங்கிச் சுட்டது போதுமாம். அதற்கு லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பம், டொக்டரின் கடிதம், அவனை நன்றாகத் தெரிந்த ஒருவரின் உறுதிமொழி என்று எல்லாம் ஓடியது. துவக்கை இரும்புப் பெட்டியில் வைத்துச் செங்கல் சுவரோடு ஆணி இறுக்க வேண்டும். அதன் சாவி எங்கே இருக்கிறது என்று அவனைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. நான் வாங்கிய வீட்டில் நான் அறியக்கூடாத சாவி ஒன்று. கடைசிப் படியாகப் பொலிஸ் பக்கத்திலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து எல்லாரையும் பார்த்துக் கதைப்பார். பல மாதம் காத்திருந்து அதற்கு ஒரு திகதி கிடைத்தது.

தவம் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அண்டைக்கு ரமணன்ரை திதியெல்லே" என்றாள்.

ரமணன் என் தம்பி. எனக்கு இளையவன் அவன் ஒருத்தன்தான். ரியூஷன் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனைச் சந்தியில் இருந்த ஆமிக்காரர் சுட்டார்கள். நிற்கச் சொன்னார்களாம், நிற்கவில்லையாம். அந்தச் சைக்கிளுக்கு பிரேக் இல்லை என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அடையாள அட்டைக்கு எடுத்த அவனுடைய படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு சின்ன லைற் எப்போதும் எரியும்.

திகதியை மாற்றச் சொல்லிக் கேள் என்றேன். முடியாது, விட்டால் திரும்ப எப்போது வருவார்களோ என்றான் பிரவீன். சரி, அந்த ஆள் வந்து போனபிறகு படைப்போம் என்று முடிவாயிற்று. நான் எழும்பப் பார்க்க, "அப்பா, இன்னும் ஒண்டு" என்றான்.

"என்ன?"

"ஹோலில இருக்கிற படத்தை அண்டைக்கு மட்டும் கழட்டி வைப்பமே?"

"ஏன்?"

"அவை வீட்டில இருக்கிற எல்லாரையும் செக் பண்ணுவினம். மனசில ட்ரோமா இருக்கோ, ஆரிலயும் கோவம் இருக்கோ எண்டு. இது ஆர் எண்டு கேட்டால் நீங்கள் ஸ்டோரி சொல்லத் தொடங்குவியள். தொடங்கினா ஸ்ரொப் பண்ண மாட்டியள், அப்பா."

"உன்ரை சித்தப்பா ஆரையும் சுடேல்லையடா. அவனைத்தான் சுட்டவங்கள்."

"ஐ நோ. அதுதான் ப்ரொப்ளம்."

அவன் கெட்ட பிள்ளையில்லை. குரல்கூட உயரவில்லை. ஒரு கோப்பில் பிழை திருத்துவதுபோலச் சொன்னான். எனக்கு வேறொரு அறை நினைவுக்கு வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குரோய்டனில் குடிவரவு அதிகாரிகள் ஒரு அறையில் என்னை இருத்திக் கேள்வி கேட்டார்கள். ஏன் வந்தாய், திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும்? அப்போது நான் சேட்டுப் பொக்கற்றிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது இந்தப் படத்தின் சின்னப் பிரதியைத்தான். தம்பியைக் காட்டித்தான் நான் இங்கே இருக்க இடம் பெற்றேன். இப்போது தம்பியை ஒளித்தால்தான் என் மகன் துவக்கு வாங்கலாம்.

"கழட்டேலாது" என்றேன். பிரவீன் தாயைப் பார்த்தான். தாய் என்னைப் பார்த்தாள். "ஒரு மணித்தியாலம்தானே, பிள்ளை ஆசைப்பட்டுட்டான்" என்றாள். அந்த வீட்டில் நான் தனியன் என்று அப்போது விளங்கியது. அந்த ஆள் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் கடையிலிருந்து வந்து பார்த்தேன். ஹோல் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பிரவீன் லைற்றையும் நிற்பாட்டியிருந்தான்.

4

வந்தவர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். வழுக்கைத் தலை, மெதுவான பேச்சு. வாசலிலேயே யாரும் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றினார். வீடு முழுக்கப் படையலுக்குச் சமைத்த மணம். நன்றாக மணக்கிறதே, ஏதும் விசேசமா என்று கேட்டார். "குடும்பச் சாப்பாடு" என்றான் பிரவீன்.

மேசையில் இருந்து கேள்விகள் கேட்டார். குடி உண்டா, மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறாரா, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா? என்னிடம் திரும்பி, வீட்டுக்குள் துவக்கு வருவதில் உங்களுக்குச் சம்மதமா, அதை நினைத்துப் பயம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மகனுடைய கண் என் வாயிலேயே நின்றது. "சம்மதம், பயமில்லை" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு பெட்டி வைக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். பிரவீன் மேலே தன் அறைக்குக் கூட்டிப் போனான். அவர் விரலை மடக்கிச் சுவரில் தட்டிப் பார்த்தார். டொக்கு டொக்கென்று உள்ளுக்குள் வெறுமையாகச் சத்தம் வந்தது. இது வெறும் பலகைச் சுவர், ஆணி பிடிக்காது, கீழே செங்கல் சுவர் இருக்கிறதா என்றார். இறங்கி வந்தவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியைக் கண்டு, "இது சரியாக வரும், பார்க்கலாமா?" என்று கதவில் கை வைத்தார்.

தவத்தின் முகம் வெளிறியது. பிரவீனுடைய முகமும்தான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவர் குனிந்து அரிசி மூட்டையை நகர்த்தி, தூசி இழுக்கும் மெஷினை வெளியே எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு பெரிய பை. இழுத்த இழுப்பில் அது கவிழ்ந்து, நான் மாதாமாதம் வருவித்த சஞ்சிகைகள் எல்லாம் அவர் காலடியில் சரிந்தன. பொலிஸ் வருகுது, வீட்டில் துவக்குப் படம் கிடக்குது என்று தவம் விடியற்காலையில் அள்ளிக் கட்டி ஒளித்திருக்கிறாள். அவளுக்கு இன்றைக்கும் சுற்றிவளைப்புத்தான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை ஒளிப்பவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மற்ற வீடுகளில் நான் வருவேன் என்று மேசையில் விரித்து வைத்திருப்பார்கள்" என்றார். ஒன்றை எடுத்துப் புரட்டி, "இதைத்தான் நானும் எடுக்கிறேன். நல்ல தெரிவு" என்று பிரவீனிடம் சொன்னார்.

"அப்பாதான் தெரிஞ்செடுத்தவர்" என்றான் பிரவீன், ஆங்கிலத்தில், பெருமையாக.

பிறகு அவர் சுவரைத் தொட்டுப் பார்க்கக் கையை உள்ளே விட்டார். துவாயில் சுற்றிய ஒன்று கையில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தார். துவாய் விலகி, என் தம்பி அவரைப் பார்த்தான்.

"யார் இது?" என்று கேட்டார். கேள்வி எனக்கு. நான் வாயைத் திறந்தேன்.

"அப்பாவுக்கு ஊரில் ஒரு தூரத்துச் சொந்தம். றோட்டில் ஒரு அக்சிடென்ற். எப்பவோ நடந்தது" என்று பிரவீன் முந்திக்கொண்டான்.

அவர் என்னைப் பார்த்து, "வருந்துகிறேன், ஐயா" என்றார். உண்மையாகவே வருந்தியதுபோல இருந்தது. துவாயைத் திரும்பவும் பக்குவமாகச் சுற்றி அரிசி மூட்டையின் மேல் வைத்தார். நான் "தாங்க் யூ" என்றேன். வேறு என்ன சொல்ல? சைக்கிளில் போனான், றோட்டில் செத்தான். மகன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. தூரத்துச் சொந்தம் என்றதுதான் பொய். அவன் என்ரை தம்பி, ஒரே பாயில் என்னோடு படுத்து எழும்பினவன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியிருந்தால் மகனுடைய துவக்கு போய்விடும். அதோடு மகனும் போய்விடுவான் என்ற பயத்தில் நின்றேன்.

5

பிரச்சினை ஒன்றுமில்லை, கடிதம் வரும் என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவர் போனார். பிரவீன் தாயைக் கட்டிப்பிடித்தான். என்னையும் கட்டிப்பிடித்தான். எத்தனை வருடத்துக்குப் பிறகோ தெரியாது. நான் மரம்போல நின்றேன்.

படத்தை அவனே கொண்டுவந்து மாட்டினான். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, நேராக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்துச் சரிசெய்து, லைற்றையும் போட்டான். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த பூமாலையைத் தவம் எடுத்து வந்து போட்டாள். பிந்தித்தான், என்றாலும் படைத்தோம். நான் தேவாரம் பாடத் தொடங்கி, பாதியில் நிற்பாட்டினேன்.

வழக்கமாகத் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போகிறவன், அன்று எங்களோடு நிலத்தில் இருந்து சாப்பிட்டான். கதிரையில் இருந்து பழகிய கால், மடக்கத் தெரியாமல் கஷ்டப்பட்டான். சோற்றைப் பிசைந்தபடி நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் சித்தப்பா என்ன படித்தார், எப்படி இருப்பார், பகிடி விடுவாரா, யார் போய் அவரைத் தூக்கி வந்தது என்று கேட்பான். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வருடக்கணக்காகச் சொல்லக் காத்திருந்த பதில்கள்.

"அப்பா" என்றான். "கேக்கலாமோ தெரியேல்லை. சித்தப்பாவைச் சுட்டது என்ன துவக்கு?"

தவம் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

அவன் கேலிக்குக் கேட்கவில்லை. கண்ணில் உண்மையான ஆர்வம் இருந்தது. மண் தட்டைப் பற்றிக் கையை ஆட்டிக் கதைத்த அன்று கண்ட அதே ஆர்வம். நான் மாதாமாதம் காசு கட்டி வளர்த்த ஆர்வம். என் தம்பியைப் பற்றி என் மகன் பிறந்ததிலிருந்து கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியாது" என்றேன்.

எனக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொன்னால், அதன் நீளம் எவ்வளவு, நிறை எவ்வளவு, எந்த நாட்டில் செய்தது என்று அவன் எனக்குச் சொல்லத் தொடங்கியிருப்பான்.